வேணும்னே சொன்ன தப்பு

பொன்னமராவதி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த பெண், பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்: "இன்னைக்கு எங்க செக்ஷன் மீட்டிங்ல வேணும்னே ஊர்ப் பேர மாத்தி, நார்த்தாமலையக் கீரனூர்னு தப்பாச் சொன்னேன்டி."

"ஒனக்கென்ன கிறுக்கா?"

"மனநல டாக்டர் குடுத்த ஹோம்ஒர்க். தப்பாப் பேசினா என்ன ஆகும்னு பயப்படுறேனோ அத முதல்ல எழுதணும். பேசிட்டு, நெசமா நடந்ததப் பக்கத்துலயே எழுதணும்."

"என்ன எழுதின?"

"எல்லாரும் சிரிப்பாங்கன்னு."

"சிரிச்சாங்களா?"

"ஒருத்தரும் சிரிக்கல. மேனேஜர் திருத்திட்டு, மேல சொல்லுங்கன்னாரு. இதுக்குப் பயந்தாடி ஆறு வருசமா வாயத் தெறக்காம இருந்தேன்?"

தோழி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நம்ம ஆபீஸ்ல ஒன்னையத் திமிரு புடிச்சவள்னாங்கடி. நானும் அப்படித்தான் நெனச்சேன்."