நடு அலமாரி

“என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?” என்றாள் என் மனைவி.

“கேக்கணும். பிறந்தநாளைக்கு உனக்கு என்ன வேணும்?”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

சமையலறை மேசையில், எங்கள் இருவருக்கும் நடுவில், ஒரு கடிதம் பிரித்தபடி கிடந்தது. அவள் துணியால் ஒரே இடத்தை மூன்று முறை துடைத்தாள். பிறகு, “சரி, பாட்டு கேக்கற மாதிரி ஏதாவது வாங்கிக் குடுங்க. என் இசைத்தட்டெல்லாம் அலமாரி மேல தூசி தின்னுது” என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

எப்போது முடிவு செய்தேன் என்று கேட்டீர்கள், ஐயா. அப்போதுதான்.

என் மனைவியின் வேலை பியானோக்களுக்குச் சுருதி கூட்டுவது. பள்ளிகளுக்கும் அரங்குகளுக்கும் கருவிப் பையோடு போவாள். உள்ளே இருக்கும் இருநூற்றுச் சொச்சம் கம்பிகளையும் ஒவ்வொன்றாக முறுக்கி, சரியான சுரத்தில் நிறுத்துவாள். மற்றவர்கள் முதல் சுரத்துக்கு இசைக்கவையைத் தட்டிப் பார்ப்பார்கள். இரண்டு விரல் விரித்ததுபோல் இருக்கும் எஃகுத் துண்டு அது, தட்டினால் ஒரே ஒரு சுரம்தான் ஒலிக்கும். அவளுக்கு அது தேவைப்பட்டதில்லை. சுரங்கள் அவள் தலைக்குள்ளேயே இருந்தன. வாசல் மணி அடித்தால் கதவைத் திறப்பதற்கு முன்னால் அதன் சுரத்தைச் சொல்வாள். கெட்டில் விசிலடித்தால், “இன்னிக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு அதுக்கு” என்பாள். என் குறட்டைக்குக்கூட ஒரு சுரம் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கடிதம் வேறொரு ஊரின் இசைக் கல்லூரியிலிருந்து வந்தது. நாற்பது பியானோக்கள். இரண்டு வருட வேலை. ஐந்து மாதத்தில் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள்.

நான் பயந்த சுபாவம். அவள் அரைமணி நேரம் தாமதமாக வந்தாலே பத்து முறை வாசலை எட்டிப் பார்ப்பேன். குழாய் சொட்டும் சத்தம் யாரோ வீட்டுக்குள் நடப்பதுபோல் கேட்கும். எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அரைமணிக்கே அப்படி என்றால், இரண்டு வருடம்.

ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் இருந்திருப்பாள் என்பீர்கள். இருந்திருப்பாள். ஆனால் கேட்டு வாங்கியதில் என்ன இருக்கிறது? தினமும் சாப்பாட்டு மேசையில் அந்தக் கல்லூரி அவள் முகத்தில் தெரியும். அவளாகவே இருந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அவள் மனம் நோகக்கூடாது என்பதுதான் என் முதல் அக்கறை.

ரெக்கார்ட் பிளேயர் வாங்குவது லேசான காரியமில்லை. ஒன்பது நாள் அலைந்தேன். கடையில் மூன்று அலமாரி. கீழே மலிவானவை. அவற்றின் வேகம் தானாகவே ஏறி இறங்கும். முதல் நாளே எவரும் கருவியைத்தான் குறை சொல்வார்கள். மேலே விலை உயர்ந்தவை. வேகத்தை மின்னணுச் சுற்றே பிடித்துக்கொள்ளும், மனிதக் கை ஒன்றும் செய்ய முடியாது.

“பரிசுன்னா நடு அலமாரிதான் சார் சரி,” என்றான் விற்பவன். “கையக் கடிக்காது, காதையும் கடிக்காது. பெல்ட்ல ஓடுது. பின்னால எப்பவாவது வேகம் பிசகினா அடியில ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, உள்ள சின்ன ஸ்க்ரூ. ஒரு திருப்பு, சரியாயிடும்.”

“எந்தப் பக்கம் திருப்பினா ஏறும்?” என்று கேட்டேன். அவன் மகிழ்ச்சியாகக் காட்டினான்.

என் தொழில் மூக்குக் கண்ணாடி. கண் சோதித்து, லென்ஸ் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தித் தருகிறேன். அந்த ஓட்டைக்குள் போகும் திருப்புளி என் சட்டைப் பையிலேயே எப்போதும் இருக்கும். தொழில் எனக்கு இன்னொன்றும் கற்றுக் கொடுத்திருந்தது. ஒருமுறை சுவரில் மாட்டும் எழுத்துப் பலகை மங்கலாக அச்சாகி வந்துவிட்டது. அன்று பதினோரு பேர் அதன் எதிரில் உட்கார்ந்தார்கள். பலகையை ஒருவர்கூடச் சந்தேகிக்கவில்லை. எல்லாரும் தங்கள் கண்ணைத்தான் நொந்துகொண்டார்கள்.

பிறந்தநாளன்று என் மைத்துனி வந்திருந்தாள். பெட்டியைப் பிரித்ததும் கைதட்டினாள். “அத்தான் காசை அவிழ்த்துட்டாரே! அக்கா, நல்லாப் பாத்துக்கோ, இதுல ஏதோ உள்குத்து இருக்கு.” மூவரும் சிரித்தோம். எங்களுக்குத் திருமணமான வருடம் வாங்கிய தட்டை மனைவி எடுத்துப் போட்டாள். ஒற்றைப் பியானோ, ஒற்றைச் சுரத்தில் தொடங்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்று நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த நாள் அவளுக்கு முழுதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, மயிரிழை அளவு திருப்பினேன். பிறகு வாரம் ஒரு மயிரிழை. தட்டு வேகமாகச் சுற்றினால் சுரமும் ஏறும்.

முதலில் அவள் தலையைத்தான் ஒரு பக்கம் சாய்த்தாள். தப்புச் சுரம் கேட்டால் அவள் அப்படித்தான் செய்வாள். “கொஞ்சம் ஏறிக் கேக்குதோ?”

“எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. என்னைத்தான் நீ செவிட்டுச் சுவர்ன்னு சொல்வியே.”

அவளே கருவியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நான்தான் காரில் அழைத்துப் போனேன். வழியில் அவள் மருந்துக்கடைக்குள் போன நான்கு நிமிடம், ஸ்க்ரூவைச் சரியான வேகத்துக்குத் திருப்ப எனக்குப் போதுமாக இருந்தது. விற்பவன் வேகம் அளக்கும், கோடு போட்ட காகித வட்டத்தைச் சுழலவிட்டுப் பார்த்தான். “ஊசிமுனை அளவுகூடப் பிசகலக்கா. நூத்துக்கு நூறு.” அவள் அவனுக்கு நன்றி சொன்னாள். மறுநாள் ஸ்க்ரூவை மறுபடி ஏற்றிய இடத்துக்கே திருப்பி வைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் வாசல் மணியின் சுரத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். மணி அடித்தால் அதிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். கெட்டில் கத்தத் தொடங்குவதற்கு முன்பே அடுப்பை அணைப்பாள். ஒருநாள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரே சுரத்தை மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள். பாடுவாள், நிறுத்துவாள், மறுபடி பாடுவாள். நான் வெளியே சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப்போலவே அவளும் இப்போது பயப்படுகிறாள் என்று தோன்றியது. இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு நெருக்கமாக நாங்கள் இருந்ததில்லை.

என்றைக்காவது பையின் அடியில் கிடக்கும் இசைக்கவையை அவள் தேடுவாள் என்று எனக்குத் தெரியும். அதனால் அதற்கு முன்பே, லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தில் அதன் இரு முனைகளையும் ஒன்றரை மில்லிமீட்டர் தேய்த்திருந்தேன். முனை குறைந்தால் சுரம் ஏறும். பளபளத்த இடத்தைக் கறுப்பாக்கி, சிறிய அரத்தால் ஓரம் மழுக்கி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். அவள் அதைத் தட்டிக் காதருகே பிடித்தபோது, அது பிளேயரோடு சரியாகப் பொருந்தியது. அவளோடுதான் பொருந்தவில்லை.

காது மருத்துவர் அவள் செவியில் குறை இல்லை என்றார். ஆனால் ஐம்பதை நெருங்கும்போது சிலருக்கு எல்லாச் சுரமும் ஏறிக் கேட்பதுண்டு என்றும் சொன்னார். அவருக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை, ஐயா. தானாக வந்த உதவி அது.

அவள் கல்லூரிக்கு மறுப்பு எழுதுவாள் என்று காத்திருந்தேன். உறைகூட வாங்கி வைத்தேன். ஒரு காலையில் அவள் கருவிப் பையை மேசைமேல் வைத்தாள்.

“காது போனாப் போகட்டும். கவை இருக்கில்ல? இனிமே கவை சொல்றதைத்தான் கேக்கப்போறேன். இத்தனை நாளா என் காதுக்குச் சரின்னு பட்ட பியானோ எல்லாம் நிஜத்துல இறங்கிக் கிடக்கும். முதல்ல பள்ளிக்கூடத்துப் பழசை ஏத்திக் கட்டிடறேன். அப்புறம் கல்லூரிக்குக் கிளம்பறேன்.”

அவள் இவ்வளவு தைரியசாலி என்பது எனக்குத் தெரியாது.

பழைய கம்பியை அதன் அளவுக்கு மேல் முறுக்கினால் அறுந்துவிடும், அறுந்த கம்பி சாட்டைபோல் வீசும் என்று அவளே எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அது என் நினைவில் இருந்தது. பையை எடுத்து அவள் தோளில் மாட்டினேன். கவையை வைத்துக்கொண்டாளா என்று கேட்டேன். “பாத்துப் போய்ட்டு வா” என்றேன். அதுவும் மனதாரச் சொன்னதுதான்.

பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. இடது கண். மருத்துவமனை வராந்தாவில் நான் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தேன் என்று செவிலி உங்களிடம் சொல்லியிருப்பார். அது நடிப்பில்லை.

அதற்குப் பிறகு வந்த நான்கு மாதமும் நல்ல மாதங்கள். அவள் எங்கும் போகவில்லை. கல்லூரிக்குப் பதில் எழுதச் சொல்லி என்னிடமே கேட்டாள், எழுதினேன். அவளுக்குக் கண்ணாடி நானே செய்தேன். வலதுக்குப் பவர், இடதுக்கு வெறும் சில்லு, இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்படி. நான் கடைக்குப் போனால்கூட எப்போது வருவேன் என்று அவள் கேட்கத் தொடங்கியிருந்தாள்.

அவளுக்குப் பதிலாகச் சுருதி கூட்டும் வேலைக்கு வந்த புதிய பெண் கருவிப் பையை வாங்கிப்போக வீட்டுக்கு வந்தாள். வெள்ளந்தியான பெண். தன்னுடைய கவையையும் எங்கள் கவையையும் சேர்த்துத் தட்டினாள். இரண்டும் ஒன்றாக ஒலிக்கவில்லை. நடுங்கின. “அக்கா, உங்களோடது ஏறியிருக்கே,” என்றாள்.

என் மனைவி அதைக் கையில் வாங்கி, முனைகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அந்தப் பெண் போகும்வரை சிரித்த முகமாகவே இருந்தாள். பிறகு என் வேலை மேசைக்குப் போனாள். பிளேயரைத் தலைகீழாகப் புரட்டினாள். கவை, அரம், திருப்புளி மூன்றையும் சமையலறை மேசையில் வரிசையாக வைத்து, எதிரில் உட்கார்ந்தாள்.

“என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?”

அதே கேள்வி, அதே மேசை. அவள் கை விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. என்னைப் பார்த்து அவள் பயப்படுகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது.

“டீ போடட்டுமா?” என்று கேட்டேன்.

அவள் எழுந்து போய் அவள் தங்கைக்குத் தொலைபேசினாள். தங்கை உங்களுக்குத் தொலைபேசினாள்.

நடந்தது இவ்வளவுதான். பிளேயரை வாங்கியது நான், திருகியது நான், கவையைத் தேய்த்தது நான், தெரிந்தே பையை மாட்டி அனுப்பியதும் நான். எங்கே கையெழுத்திட வேண்டுமோ காட்டுங்கள். ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்டு அவள் மறுத்தது ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட வாழ்க்கை எங்களுடையது.

பக்கத்து அறையில் நாற்காலி நகர்கிறது. அவள் வாக்குமூலம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. துணிப் பெட்டியோடு வந்திருக்கிறாள் அல்லவா? நான் உள்ளே வரும்போது பார்த்தேன். தங்கை வீட்டுக்கா? அந்தக் கல்லூரிக்கா? பரவாயில்லை, நீங்கள் சொல்ல வேண்டாம்.

விளக்கை அணைக்காதீர்கள், ஐயா. கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள். அவளுக்குக் காது கேட்கும், ரொம்ப நல்ல காது. இதோ நின்றுவிட்டாள். தலையைச் சாய்க்கிறாள், பாருங்கள். இப்போது கேட்டால் மறுக்க மாட்டாள்.

“போகாதம்மா. என்னைத் தனியா விட்டுட்டுப் போகாத.”