ஹிஸ்டரியில் இல்லாத வரிகள்

நிறைய பேர் கம்ப்யூட்டருக்கு ஸ்கிரிப்ட் எழுதும்போது அதன் தலையில் குறிப்பு எழுதுவதில்லை, மேடம். எனக்கு அது பிடிக்காது. யார் எழுதியது, என்றைக்கு, எதற்காக. மூன்றே வரி. ஆறு மாதம் கழித்து அதைத் திறக்கிறவர் நம்மைத் திட்டாமல் இருப்பார். நீங்கள் கையில் வைத்திருக்கும் தாளிலேயே பாருங்கள், என் பெயர், தேதி, கீழே "நோக்கம்: நினைவுச் சோதனை". விசாரிக்க வந்த உங்களுக்கே எவ்வளவு வேலை மிச்சம்.

எங்கள் சர்வர் அறையில் இரண்டு நாற்காலிகள்தான். ஒன்று எனக்கு, ஒன்று என் சீனியர் அக்காவுக்கு. மருந்துக் கிடங்கின் நாற்பத்திரண்டு மெஷின்களையும் நாங்கள் இருவர்தான் பார்த்துக்கொண்டோம். அக்கா எதையும் எழுதி வைக்க மாட்டார். எந்த மெஷினில் எந்த ஃபோல்டர், யாருடைய லாகின் என்றைக்கு மூடியது, எல்லாம் விரல் நுனியில். ஆபீஸே அவரை "டைரி" என்றுதான் கூப்பிடும். நான் நேர் எதிர். ஒரு வேலையை இரண்டு தடவை கையால் செய்தால் எனக்குக் கை அரிக்கும், மூன்றாவது தடவைக்கு அதைத் தானாகச் செய்யும் ஸ்கிரிப்ட் தயாராக இருக்கும்.

ஒருநாள் பழைய ஃபைல்களை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட விட்டேன். ஃபோல்டரின் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. காலியாக இருந்தால் நின்றுவிடு என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். இதை எல்லாரும் குறித்துக்கொள்வது நல்லது. நான் சொல்லவில்லை. அது பாட்டுக்கு மொத்தத்தையும் துடைத்துப் போட்டது.

அக்கா வந்து உட்கார்ந்தார். எந்த பேக்கப் எங்கே இருக்கிறது என்று எதையும் பார்க்காமல், இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தார். பிறகு மேனேஜர் உட்பட ஆறு பேர் நிற்கும்போது என் முதுகில் தட்டினார்.

"உன் ஸ்கிரிப்ட் ரொம்ப நல்ல பிள்ளைப்பா. சொன்னதை மட்டும்தான் செய்யும். நீதான் ஒண்ணுமே சொல்லல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபமா என்று கேட்டால், இல்லை. நல்ல ஜோக். நாலைந்து வாரம் கேன்டீனில் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், அவ்வளவுதான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் வந்தது. ஞாபகத்தை நம்பி நாற்பத்திரண்டு மெஷின்களை ஓட்டலாமா? அது தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி, மேடம்.

எப்படி என்று கேட்டீர்கள். கருப்புத் திரையில் நாங்கள் அடிக்கும் ஒவ்வொரு கமாண்டையும் கம்ப்யூட்டர் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளும். அதற்கு ஹிஸ்டரி என்று பெயர். செய்தேன், செய்யவில்லை என்று எங்களுக்குள் வாய்த்தகராறு வந்தால் அதைத் திறப்போம். அதில் இல்லையென்றால் செய்யவில்லை. அத்தோடு பேச்சு முடிந்தது. அக்காவே எனக்குப் பல தடவை அதைத் திறந்து காட்டி வாயை அடைத்திருக்கிறார்.

என் ஸ்கிரிப்ட் செய்தது சின்ன வேலை. அக்கா லாகின் செய்து வெளியே வரும்போது, அன்றைக்கு அவர் அடித்ததில் ஒரே ஒரு வரியை எடுத்துவிடும். அந்த வரி செய்த காரியத்தையும் பழையபடி மாற்றி வைக்கும். தினமும் செய்யாது. ஒழுங்காக ஒரே நேரத்தில் நடப்பது எதுவும் ஒருநாள் கண்ணில் பட்டுவிடும். அதனால் தோன்றிய நாளில், தோன்றிய வரியை. முதல் வாரம் அதை நிஜமாக ஓட விடவுமில்லை, எந்த வரியை எடுப்பாய் என்று எழுதிக்காட்ட மட்டும் சொன்னேன். எதையும் அழிக்கும் முன்னால் இப்படி ஒத்திகை பார்ப்பது ரொம்ப முக்கியம். பட்டியலைப் படித்தேன். திருப்தியாக இருந்தது.

வேலையை விட்டுப்போன ஒரு சேல்ஸ்காரரின் லாகின்தான் முதலில். மறுநாள் காலையில் மேனேஜர் வந்து, அது இன்னும் திறந்துதான் இருக்கிறது என்றார்.

"நேத்தே மூடிட்டேனே சார்," என்றார் அக்கா. என் பக்கம் திரும்பினார். "ஏய், நீ பக்கத்துலதானே இருந்தே? நான் மூடினேனா இல்லையா?"

"நான் கவனிக்கலக்கா. ஹிஸ்டரியைப் பாருங்க."

கவனித்திருந்தேன். ஆனால் அடுத்தவர் திரையை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லையே. ஹிஸ்டரியில் வரி இல்லை. அக்கா மேலும் கீழுமாக நாலு தடவை தேடினார். "வயசாகுதுடா," என்று சிரித்தார். நாற்பது கூட ஆகவில்லை அவருக்கு.

மூன்றாவது தடவை சிரிக்கவில்லை. ஐந்தாவது தடவைக்குப் பிறகு உள்ளங்கையில் பேனாவால் எழுத ஆரம்பித்தார். எட்டாவது தடவை நடந்த அன்று சாப்பிடும்போது டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது," என்றார். "அடுப்பை அணைச்சேன்னு சொல்வாங்க. அணைச்சிருக்க மாட்டாங்க. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க."

இது எனக்கு முன்பே தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் சொல்லியிருக்கிறார். சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் ஆளைப் பற்றி முழுதாகத் தெரிந்திருந்தால்தானே முடிவு சரியாக வரும்.

ஸ்கேன் எடுத்தார். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கும் நிம்மதி, நம்புங்கள். அக்காதான் நம்பவில்லை. "டாக்டர் எங்கிட்ட மறைக்கிறாருப்பா. என் வீட்டுக்காரர்கிட்ட தனியா ஏதோ சொல்லியிருக்காரு," என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். திறந்திருந்தால் அதுவரை எடுத்த அளவெல்லாம் வீண்.

உதவி செய்யாமலும் இல்லை. மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வர ஞாபகப்படுத்தும்படி அவர் போனில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். மூன்று மணிக்கு ஒரு அலாரம், மூன்றேகாலுக்கு இன்னொன்று. அழகாக ஓடும். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ மட்டும் இல்லன்னா நான் என்னப்பா பண்ணியிருப்பேன்," என்றார். மேனேஜரிடம் அவரே போய், எல்லா மெஷின்களையும் தம்பியின் ஸ்கிரிப்டுக்கே விட்டுவிடுங்கள், என்னை நம்பாதீர்கள் என்றும் சொன்னார். ஆறு பேர் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். அக்காவுக்குப் பதிலாக வந்தவர் அந்த ஸ்கிரிப்டை எடுத்து உங்களிடம் கொடுத்திருக்கிறார். அழித்திருக்கலாமே என்று கேட்டால், நன்றாக எழுதிய ஒன்றை அழிக்க யாருக்கு மனசு வரும்?

ஆனால் நீங்கள் கடைசி வரி வரை படிக்கவில்லை என்று நினைக்கிறேன். முப்பது நாள் ஆனதும் தானாக நின்றுவிடு என்று எழுதியிருக்கிறேன். நின்றும் விட்டது. அக்கா கார் ஓட்டுவதை நிறுத்தியது நாற்பத்தோராவது நாள். மகளை வீட்டில் கொண்டுவந்து விட்ட பிறகும், விட்டோமா என்று நம்பிக்கை வராமல், மறுபடி பள்ளி வாசலில் போய் நின்றது ஐம்பத்தெட்டாவது நாள். காவலாளிதான் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாராம். ராஜினாமாக் கடிதம் எழுபத்துமூன்றாவது நாள்.

தேதிகளைச் சரிபாருங்கள், மேடம். அதெல்லாம் அவராகவே செய்துகொண்டது. அதில் என்னுடைய வரி ஒன்றுகூட இல்லை.