முப்பது டிகிரித் தூக்கம்

— கையுறை போட்டியா இல்லையா? அதை மட்டும் சொல்லு தௌஹித். தட்டுல உன் கட்டைவிரல் அப்படியே பதிஞ்சிருக்கு.

— போடலை ஷர்மின் ஆபா. காலையில மூடி நழுவிச்சு, சட்டுனு பிடிச்சேன். விரல் உள்ள பட்டிருச்சு.

— சீதபேதிக் கிருமிடா அது! பாயசமா, விரலை விடறதுக்கு?

— தூங்குற கிருமி ஆபா. முப்பது டிகிரி பெட்டியில வளர்ந்தது. பாருங்க, எல்லாம் வெள்ளை. முழிச்சிருந்தா தட்டுல கலந்த சாயத்தை உறிஞ்சி சிவப்பா நிக்கும்.

— எனக்கே பாடமா?

— நீங்க சொன்னதுதானே? குளிர்ல டிஎன்ஏ வளைஞ்சு கிடக்கும், அது மேல ஒரு புரதம் பூட்டு மாதிரி உட்கார்ந்துக்கும், நோய் மரபணுவைப் படிக்கவே முடியாதுன்னு.

— ம். சூடானா?

— வளைவு மாறும். பூட்டு கழலும்.

— எவ்வளவு சூட்டுல?

— முப்பத்தேழுக்கு வந்துட்டா நல்லாவே கழலும்.

— உன் வயித்துக்குள்ள எவ்வளவுடா சூடு?

— ஐயோ, ஆமால்ல! பயமுறுத்தாதீங்க ஆபா.

— பயப்படு. குளிர் தட்டுன்னா இந்த லேப்ல எல்லாருக்கும் ஒரு இளக்காரம். நூறு கிருமி உள்ள போனாப் போதும், ரத்தமாப் போகும். கையாவது கழுவினியா?

— குழாய்ல தண்ணி வரலை. கோட்டுல துடைச்சேன்.

— அல்லாவே! துடைச்சானாம்! அப்புறம் வாயில என்னத்தைப் போட்டே?

— ஒண்ணுமே போடலை. நோன்பு ஆபா! விடியறதுக்கு முன்ன சாப்பிட்ட சஹருக்கு அப்புறம் பச்சைத் தண்ணி பல்லுல படலை.

— நகம் கடிக்கிற பழக்கம்?

— சத்தியமா இல்லை.

— அப்பாடா! பிழைச்சே போ. என் உயிரே போயிட்டு வந்துச்சு. இப்ப தண்ணி வருது, சோப்பு போட்டு நல்லாத் தேய். இஃப்தாருக்குப் பியாஜு வடையை நீ தொடாதே, நானே எடுத்துத் தர்றேன்.

— மத்தியானம் கீழே குழந்தைகள் காப்பகத்துக்குப் போயிருந்தேன் ஆபா.

— உன் மக டுனியைப் பார்க்கத்தானே? தினமும் போறதுதானே, அதுக்கென்ன?

— அவ அம்மா கட்டிக்கொடுத்த பருப்புச் சோறு கிச்சுரியைத் தொடவே மாட்டேன்னுட்டா. அப்பா கையால ஊட்டினாத்தான் ஆச்சுன்னு ஒரே அடம். கிண்ணம் காலி ஆபா. கடைசியில என் விரலையும் சப்பிட்டுத்தான் விட்டா.