ஒருத்தர் ஊட்ல இருக்கணும்

பூந்தமல்லியில் மெட்ரோ வேலை. பேருந்து நகரவில்லை, பேச்சு மட்டும் காதில் விழுந்தது. முன் சீட்டில் கல்யாணத்துக்குப் போகிற இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள், சின்ன மகளை வீட்டிலேயே விட்டு வந்ததாகச் சொன்னாள்.

“ஏன்க்கா, உடம்பு சரியில்லியா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“நல்லாத்தான் கீறா. யாராச்சும் ஒருத்தர் ஊட்ல இருக்கணுமில்ல.”

“எதுக்கு?”

“கடனுக்கு நாங்க வேல செஞ்ச செங்கல் சூளையில அப்படித்தான். நல்லது கெட்டதுக்கு நாங்க வெளிய போனா, திரும்பி வரணும்னு மொதலாளி ஒரு புள்ளய புடிச்சி வெச்சிக்குவாரு.”

“அதான் அதிகாரிங்க வந்து உங்கள மீட்டுட்டாங்களே. இவ அதுக்கப்புறம்தானே பொறந்தா?”

“ஆமா. ‘போன வாட்டி அக்கா இருந்தா, இந்த வாட்டி நான் இருக்கேன்’னு அவளே உள்ள போயி கதவச் சாத்திகினா.”