மாடியில் கடைசி அறை

ஐயா, முதலில் உட்காரச் சொன்னதற்கு நன்றி. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவன்தான் நான். ஆனாலும் இந்த அறையில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

நகராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எதிரே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பவன் நான். வீட்டு வரி எங்கே கட்டுவது, தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று கேட்டு வருகிறவர்களுக்கு வழி சொல்வது என் வேலை. பூங்காச் சுவர் விழுந்து ஒருவர் இறந்ததைப் பற்றி நீங்கள் விசாரிக்கிறீர்கள். சுவர் சாய்கிறது என்று சொல்ல மூன்று நாள் நடையாய் நடந்தேன் என்கிறார் இறந்தவரின் மனைவி, அந்தத் தையற்காரம்மா. என்னிடம் ஒருவரும் வரவில்லை என்கிறார் இன்ஜினியர். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். ஆனால் இருவர் சொல்வதும் உண்மை.

இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒருவர் ஏதோ கேட்டார். ‘தெரியாதுங்க’ என்றேன். ‘தெரியாதவனை எதுக்கு இங்க உக்கார வச்சிருக்காங்க?’ என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் வரை சூடேறியது. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியின் தம்பி என்னை ‘நகராட்சி’ என்றுதான் கூப்பிடுவான். ‘நகராட்சி வந்தாச்சு, எல்லாரும் வரியைக் கட்டுங்க’ என்று கிண்டல் வேறு. வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

மாடியில் கடைசி அறை ஒரு காலத்தில் கடைகளுக்கு உரிமம் கொடுக்கும் பிரிவாக இருந்தது. பிரிவைக் கீழே கொண்டுவந்துவிட்டு, உடைந்த நாற்காலிகளை உள்ளே போட்டுப் பூட்டினார்கள். வெளியே கிடந்த பெஞ்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஒருநாள் ஒருவர் என்னிடம் கத்து கத்தென்று கத்தினார். ஆளை விட்டால் போதும் என்று, ‘மாடியில கடைசி ரூம். ஆபீசர் வருவார், உக்காருங்க’ என்றேன். போனார், ஜன்னல் காற்றில் உட்கார்ந்தார், கோபம் ஆறி அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு பதில் தெரியாத கேள்வி எது வந்தாலும் அங்கேதான் அனுப்பினேன். என் வரிசை நீண்டதே இல்லை. கூட்டத்தில் வைத்துக் கமிஷனர் என்னைப் பாராட்டினார். ப்யூன் மட்டும் ஒருதடவை, ‘அங்க யாருண்ணே இருக்காங்க, ஆளாளா மேல அனுப்புறீங்க?’ என்று கேட்டான். உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

தையற்காரம்மா முதலில் வந்த அன்று என் சட்டைக் கைப் பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. ‘கையைக் கொஞ்சம் நீட்டுங்கண்ணா’ என்று பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து அங்கேயே தைக்க ஆரம்பித்துவிட்டார். தைத்துக்கொண்டே பேசினார்.

‘எங்க வீட்டுக்குப் பின்னாடி பார்க் சுவருண்ணா. வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. மழை பிடிச்சா என்ன ஆகுமோன்னு பயமா இருக்கு. எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறார், நைட் டியூட்டி. பகல்ல பின்னாடி ரூம்லதான் தூங்குவார். யாராச்சும் கதவைத் தட்டி எழுப்பிடுவாங்கன்னு நான் வெளிய பூட்டிட்டுத்தான் வருவேன்.’

சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

பூங்காச் சுவரைப் பூங்காப் பிரிவு பார்க்குமா, கட்டடப் பிரிவு பார்க்குமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் இன்ஜினியர். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் அவர் எல்லார் முன்னாலும், ‘இதுகூடத் தெரியாதாய்யா உனக்கு?’ என்று கேட்டிருந்தார். அந்தம்மாவை மாடிக்கு அனுப்பினேன்.

மறுநாளும் வந்தார். ‘நேத்து சாயங்காலம் வரைக்கும் பாத்தேண்ணா, அவர் வரவே இல்லையே’ என்றார். வெளி வேலையாகப் போயிருக்கிறார் என்றேன். ‘பாவம், அவருக்கும் எத்தனை இடத்துல வேலையோ’ என்று இல்லாத ஆபீசருக்காக இரக்கப்பட்டுக்கொண்டே படியேறினார். அப்போதே சொல்லியிருக்கலாம். மேலே யாரும் இல்லையம்மா, நேற்று உங்களைச் சும்மாதான் உட்கார வைத்தேன் என்று. முதல் நாளே சொல்ல முடியாததை இரண்டாம் நாள் எந்த முகத்தோடு சொல்வது?

மூன்றாம் நாள் விடியும்போதே மழை. அப்படியும் வந்தார். நனைந்த குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கேட்காமலே மேலே போனார்.

கொஞ்ச நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. இன்ஜினியர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே வெளியே வந்து, என் எதிரில் நின்று பேசினார். ‘பார்க் சுவர் விழுந்துடுச்சா? வீட்டுல யாராச்சும்... வெளிய பூட்டியிருக்கா? அக்கம்பக்கத்துல கேட்டீங்களா? அப்பாடா, நல்லவேளை. அப்ப வீட்டை மெதுவா பாத்துக்கலாம். ரோட்டுல விழுந்த மரத்தை மொதல்ல எடுங்க.’

பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருப்பது இந்தக் கட்டடத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் மாடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்னொருவன் நான். சார், உள்ளே ஒருத்தர் தூங்குகிறார் என்று சொன்னால் போதும். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அந்தம்மா சொன்னார் என்பேன். அந்தம்மா எங்கே என்பார். மாடியில், உடைந்த நாற்காலிகளைப் பூட்டி வைத்த அறைக்கு வெளியே என்று சொல்ல வேண்டும். ப்யூன் இருந்தான், வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் சிரிப்பார்கள் என்று தோன்றியது. ஆமாம் ஐயா, அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அதுதான். புதிதாகத் தைத்த பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தேன். இன்ஜினியர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மாடிக்குப் போயாவது அந்தம்மாவிடம் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அன்று வந்த எல்லாருக்கும் சரியாக வழி சொன்னேன், ஒருவரைக்கூட மேலே அனுப்பவில்லை.

சாயங்காலம் மாடிக் கதவுகளைப் பூட்டப் போன ப்யூன்தான் அவரைப் பார்த்து, பூங்காச் சுவர் விழுந்ததைச் சொன்னான். குடையைக்கூட எடுக்காமல் ஓடினார். அவர் போய்க் கத்திய பிறகுதான் பின்னறையைத் தோண்டினார்கள். கணவரை எடுக்கும்போது உடம்பில் சூடு இருந்ததாம். மத்தியானமே எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். அந்தக் குடை இன்னும் வாசலில்தான் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே வருகிறேன்.

‘புருஷனை உள்ள வச்சுப் பூட்டிட்டு எங்கயோ ஊர் சுத்தப் போயிருக்கா’ என்று அந்தத் தெருவில் பேசுகிறார்களாம். அதைக் கேட்ட பிறகு சோறு இறங்கவில்லை. அவர் எங்கும் ஊர் சுற்றவில்லை. நான் காட்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய தையல் மெஷினும் அந்தப் பின்னறையில்தான் இருந்ததாம். வீட்டில் இருந்திருந்தால் அவரும் போயிருப்பார், ஒரு வகையில் அந்த பெஞ்சுதான் அவரைக் காப்பாற்றியது என்று நேற்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இன்றைக்கு அதை உங்களிடம் சொல்லவே உடம்பு கூசுகிறது.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவர் மூன்று நாளும் வந்தார். ஆளில்லாத அறைக்கு அனுப்பியவன் நான். உள்ளே உயிர் இருப்பது தெரிந்தும் வாய் திறக்காதவன் நான். அவர் கணவரைக் கொன்றது சுவர் இல்லை. எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

அவ்வளவுதான் என்றால் நான் கிளம்பட்டுமா? என் இடத்தில் இப்போது ஆள் இல்லை, யாராவது வழி தெரியாமல் நிற்பார்கள். இங்கே வரும்போதே ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். வீட்டு வாசலில் மின்கம்பம் சாய்கிறது, யாரிடம் சொல்வது என்று கேட்டார். அது எந்தப் பிரிவு என்று சட்டென்று பிடிபடவில்லை. வயதானவரை நிற்க வைப்பானேன் என்று, மேலே பெஞ்சில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.