பேய்ப் படப் பெட்டியை ஒளித்து வைத்தது பற்றி

1954 ஜூலை பத்தாம் தேதி, கொல்லங்கோடு போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டய்யா முன்பாகச் சொல்லி எழுதிக்கொண்டது.

என் பெயர் அப்புசாமி. தகப்பனார் பெயர் நஞ்சப்பன். வயது இருபத்தாறு. கோவிந்தாபுரத்தில் குடியிருக்கிறேன். சொந்த மாட்டு வண்டி ஓட்டிப் பிழைக்கிறேன். எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்குக் கொல்லங்கோடு ரயிலடியிலிருந்து படப்பெட்டி கொண்டு வருவதும், வண்டியில் விளம்பரத் தட்டி கட்டித் தமுக்கடித்துப் படத்தை விளம்பரம் செய்வதும் என் வேலை. என்மீது புகார் கொடுத்திருக்கும் மிக்கேல்ராஜ் அவர்கள் கொட்டகையின் முதலாளி. அவருக்கும் எனக்கும் எந்தப் பகையும் கிடையாது.

சென்ற வைகாசியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் செல்லாத்தாள். வீட்டில் என் தாய் தகப்பனும் அண்ணன் குடும்பமும் இருக்கிறபடியால் புருஷனும் பெண்டாட்டியும் பகலில் பேசிக்கொள்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. வெளியே போனாலும் அவள் நாலடி பின்னால்தான் வருவாள். கல்யாணமாகியும் அவள் குரல் எனக்குச் சரியாகப் பழகவில்லை.

அதன் பிறகு கொட்டகையில் ஒரு பக்திப் படம் ஓடியது. அதற்குக் கூட்டமே இல்லை. முதலாளி அடுத்து வரவிருக்கும் பேய்ப் படத்தின் டிரெயிலரை வரவழைத்து இடைவேளை முடிந்ததும் போடச் செய்தார். அதில் ஒரு கிணறு வரும். ஆள் இல்லாமலே கயிறு கிணற்றுக்குள் இறங்கும், கப்பி கிறீச்சிடும், கிணற்று விளிம்பில் ஈரக்கை ஒன்று வந்து பிடிக்கும். அத்துடன் சரி. முகத்தைக் காட்டமாட்டார்கள். 'விரைவில் வருகிறது' என்ற எழுத்துத்தான் வரும். அந்த நேரம் வாசல் விளக்கையும் அணைக்கச் சொல்லிவிடுவார் முதலாளி. பேயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, யார் யார் வரக்கூடாது என்று மட்டும் சொல் என்று எனக்கும் உத்தரவு. நானும் "கர்ப்பிணிகளும் இருதய பலவீனம் உள்ளவர்களும் தயவுசெய்து வரவேண்டாம்" என்று தெருத்தெருவாகக் கூவினேன். மறுநாள் முதல் ஆட்டத்துக்குக் கர்ப்பிணிகள்தான் முதலில் வந்து இடம் பிடித்தார்கள். சாமி படத்தை யாரும் பார்க்கவில்லை. டிரெயிலருக்காகவே கொட்டகை நிறைந்தது. ஊர்ப் பெண்கள் பொழுது சாய்ந்தால் தண்ணீர் சேந்தப் போவதை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக்குப் போகும் தடத்திலும் ஒரு கிணறு இருக்கிறது. நானும் மனைவியும் முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வந்த அன்று, ஆனிக் காற்றில் அந்தக் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. அப்போது பின்னால் வந்த செல்லாத்தாள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டு விளக்கு கண்ணில் படும்வரை விடவில்லை. அந்தத் தூரத்தில், "ஏனுங்க, உங்களுக்குக் கத்திரிக்கா ஆகாதுன்னு அத்தை சொன்னாங்க. நான் தெனமும் அதையேதான் ஆக்கிப் போட்டேன், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?" என்று கேட்டாள். நீ ஆக்கியதால் தின்றேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

அதன் பிறகு நாங்கள் அடிக்கடி அதே படத்துக்குப் போனோம். பார்த்த படத்தையே ஏன் பார்க்கிறீர்கள் என்று என் தாயார் கேட்டதற்கு, "சாமி படமுங்க அத்தை" என்று மனைவி சொன்னாள். வரும்போதெல்லாம் கிணற்றருகே அவள் கை வந்துவிடும். பேச்சும் வரும்.

சென்ற வியாழக்கிழமை பேய்ப் படத்தின் பெட்டியை ரயிலடியில் எடுத்து வண்டியில் ஏற்றினேன். கடைசியில் பேய் என்று ஒன்றுமில்லை, வெள்ளைச் சேலை கட்டிய திருடன்தான் என்று முதலாளி முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். முழுப் படத்தையும் பார்த்துவிட்டால் கிணறு வெறும் கிணறாகிவிடும், இவளும் நாலடி பின்னால் போய்விடுவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆடி பிறந்தால் புதுப்பெண் என்று தாய்வீட்டார் வந்து அழைத்துப் போய்விடுவார்கள். அதுவரைக்குமாவது டிரெயிலரே ஓடட்டும் என்றுதான் பெட்டியை எங்கள் மாட்டுக் கொட்டகைப் பரணில் கடலைக் கொடிக்குள் வைத்தேன். விற்கவோ கெடுக்கவோ நினைக்கவில்லை. பெட்டி வரவில்லை என்று முதலாளியிடம் பொய் சொன்னேன். வெள்ளிக்கிழமை படம் உண்டு என்று முன்பே கூவியவனும் நானே. அந்தக் கூட்டம் ஏமாந்து போய்க் கொட்டகையின் கீற்றுத் தட்டியைப் பிய்த்து எறிந்தது. அப்படி ஆகும் என்று நான் எண்ணவில்லை.

இன்று விடியற்காலையில் மாட்டுக்குக் கொடி எடுக்கப் போன மனைவி பெட்டியைக் கண்டாள். தானே தூக்கிவந்து வண்டியில் வைத்து, தானும் ஏறி உட்கார்ந்தாள். பெட்டியை நான் எடுத்துப்போனதை ரயிலடியில் விசாரித்து அறிந்த முதலாளி புகார் கொடுத்ததால், அதே நேரம் என்னைத் தேடிவந்த போலீஸ்காரரையும் ஏற்றிக்கொண்டு இங்கே வந்து பெட்டியை ஒப்படைத்தோம்.

ஏன் ஒளித்தாய் என்று ஏட்டய்யா கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு மேற்படி விவரங்களைச் சொன்னேன். வாசலில் நின்றிருந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னதையும் இதில் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "எனக்கென்னங்க பயம், எங்க ஊட்டுத் தோட்டத்துல இருட்டோட தண்ணி சேந்தி வளந்தவ நான். அன்னிக்கி கப்பிச் சத்தம் கேட்டு இவருக்குத்தானுங்க கை நடுங்குச்சு. அதனாலதான் புடிச்சேன்" என்றாள். நடுங்கியது உண்மை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கொட்டகைத் தட்டியை நானே கட்டித் தருகிறேன் என்று சொன்னதை, இங்கே வந்திருந்த முதலாளி ஏற்றுக்கொண்டார். ஏட்டய்யா எங்களைப் பார்த்து, இப்போதே வண்டி பூட்டினால் பொழுதிருக்கவே கிணற்றைத் தாண்டிவிடலாம் என்று சொன்னார். அதற்கு என் மனைவி, "மாடு தண்ணி குடிக்கோணுமுங்க, மெதுவாவே போறமுங்க" என்றாள். மாடுகள் இங்கே வந்து நின்றதுமே வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டன என்பதையும் உண்மைக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) ந. அப்புசாமி