நேற்று லோரி ஓட்டியவர்

லாபிஸ் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வேறு வேலை தேடி நடந்துகொண்டிருந்த நான், வழியில் வந்த சிம்பாங் ரெங்கம் பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு செம்பனை லோரி ஓட்டுநரும், அவரோடு குலை ஏற்றப் போகும் கெலிண்டானும் இருந்தார்கள்.

"தூக்க மாத்திரைய போட்டுட்டு தூங்கக்கூடாது மச்சான். முழிச்சிருந்தா ஒடம்பு பஞ்சாட்டம் மெதக்கும் லா," என்றார் ஓட்டுநர்.

"எப்ப போட்ட?"

"நேத்து மத்தியானம். அப்புறம் ஒன்னும் ஞாபகம் இல்ல. முழிச்சா வீட்டுல கெடக்கேன்."

"அலமாக். நேத்து சாயங்காலம் மில்லுக்கு லோரி ஓட்டுனது நீதான். பக்கத்துல நான் உக்காந்திருந்தேன்."

ஓட்டுநர் துள்ளினார். "பாத்தியா, அதுலயும் ஒழுங்கா ஓட்டியிருக்கேன்."

"நாளைக்கு வேற ஆள பாத்துக்க மச்சான்." கெலிண்டான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டான்.

மறுநாள் காலை அந்த லோரியில், அவன் உட்கார்ந்த இடத்தில், நான் வேலைக்கு ஏறினேன்.